வாடகைக்கு வரும் நடுவர்கள்: சென்னையின் வார இறுதிக் கால்பந்துக்கான ஒரு சேவை

பழைய மகாபலிபுரம் சாலை, வேளச்சேரி, போரூர், அண்ணா நகர் எனச் சென்னையின் எல்லாத் திசைகளிலும் செயற்கைப் புல் விரித்த டர்ஃப் மைதானங்கள் பெருகிவிட்ட பிறகு, அலுவலக அணிகளும் அடுக்குமாடிக் குடியிருப்பு அணிகளும் கல்லூரிப் பழைய மாணவர் அணிகளும் மோதும் சிறு தொடர்கள் வார இறுதிகளில் வழக்கமாகிவிட்டன. மைதானம், பந்து, குடிநீர், கோப்பை, ஜெர்சி அச்சடிப்பு என எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கிறது. கடைசியாக நினைவுக்கு வருபவர் நடுவர்தான். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, முழங்காலில் அடிபட்டு அன்று ஆடாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கையில் விசிலைத் திணித்து உள்ளே அனுப்பிவிடுவதே பொதுவான நடைமுறை. அவர் ஏதாவது ஓர் அணியின் நண்பராக இருப்பார் என்பதால் சண்டை உறுதி. இந்த ஏற்பாட்டுக்கு மாற்றாக, பயிற்சி பெற்ற நடுவர்களைக் கட்டணத்துக்கு அனுப்பிவைக்கும் ஒரு குழுவை எங்கள் நிறுவனத்தின் உள் தொடருக்கு அமர்த்தினோம். அந்தச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. குழுவில் சிலர் கால்பந்துச் சங்கம் நடத்தும் லீக் ஆட்டங்களுக்கும் செல்பவர்கள். இங்கே எழுதப்படும் குறைகள் தனி மனிதர்களைத் தேடிச் சென்று சேரக் கூடாது என்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே முறையில் இயங்கும் குழுக்கள் நகரில் வேறும் உள்ளன. எந்த டர்ஃப் மேலாளரிடம் கேட்டாலும் ஓர் எண் கிடைக்கும்.

வந்தவர்களில் பெரும்பாலோர் வியாசர்பாடி, பெரம்பூர், ஐ.சி.எஃப். பகுதிகளில் ஆடி வளர்ந்து, வயது ஏறிய பிறகு நடுவர் தேர்வு எழுதியவர்கள். சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஆடிய தன்பால் கணேஷ் போன்றவர்கள் வந்த வியாசர்பாடியில், கால்பந்து தெருவிலேயே கற்கப்படும் ஒன்று. அதன் பலன் இவர்களிடம் தெரிந்தது. யார் உண்மையிலேயே தடுக்கி விழுகிறார், யார் விழுவதற்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதைப் பல வேளைகளில் அந்த வீரருக்கு முன்பே இவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

லீக் சுற்று ஆட்டங்கள் அணிக்கு ஏழு பேர், பாதிக்கு இருபது நிமிடம் என்ற அமைப்பில் டர்ஃபில் நடந்தன. இறுதி ஆட்டம் மட்டும் பதினொருவர் அணியாக ஒரு கல்லூரியின் புல்தரை மைதானத்தில் நடந்தது. முதல் வகைக்கு ஒரு நடுவரும், மேசையில் அமர்ந்து நேரத்தையும் மாற்று வீரர்களையும் குறித்துக்கொள்ளும் ஒருவரும் வருவார்கள். இறுதி ஆட்டத்துக்குக் கொடி பிடிக்கும் இரு துணை நடுவர்களும் சேர்த்தியாக வந்தார்கள். இந்தப் பிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சேவையின் நல்ல பக்கம் பெரும்பாலும் முதல் வகையிலும் பலவீனம் இரண்டாம் வகையிலும் வெளிப்பட்டது.

அவர்கள் வந்தவுடன் செய்த முதல் வேலை என்னைக் கவர்ந்தது. அணித்தலைவர்களை மட்டும் நடு வட்டத்துக்கு அழைத்து, பந்து பக்க வலையில் பட்டால் ஆட்டம் தொடருமா, சறுக்கித் தட்டிப் பறிப்பதை அனுமதிப்பதா, ஆஃப்சைடு (பந்து தரப்படும்போது எதிரணித் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்று ஆடுவது குற்றம் என்னும் விதி) உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு தலைமை நடுவர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். தீர்ப்பைப் பற்றிக் கேட்க விரும்பினால் தலைவர் மட்டுமே வர வேண்டும். மற்றவர்கள் சுற்றி வளைத்தால் மஞ்சள் அட்டை. 2024 ஐரோப்பியக் கோப்பையில் நடைமுறைப்படுத்தப்பட்ட ஏற்பாடு இது. இரண்டாவது, ஃப்ரீ கிக் கிடைத்த அணி, பந்தை மறித்து வரிசையாக நிற்கும் எதிரணிச் சுவரைப் பின்னுக்குத் தள்ளும்படி கேட்டால் விசில் வரும்வரை காத்திருக்க வேண்டும். கேட்காவிட்டால் உடனே உதைக்கலாம்.

இரண்டாவது அறிவிப்பைக் கேட்டவுடன் எங்கள் அலுவலகத்தின் கேரள நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், இந்தியன் சூப்பர் லீக் வெளியேற்றச் சுற்று ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் சுவர் அமைத்துக்கொண்டிருக்கும்போதே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்துக் கோலடித்தார். நடுவர் கிறிஸ்டல் ஜான் அதை ஏற்றுக்கொண்டார். கேரள அணியின் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் வீரர்களைக் களத்திலிருந்து வெளியே அழைத்துச் சென்றார். ஆட்டம் பெங்களூருவுக்குச் சென்றது. பின்னர் கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அந்தக் கோல் செல்லுமா என்பது பற்றிச் சென்னையின் தேநீர்க் கடைகளில் இன்றும் வாதம் நடக்கிறது. உடனடியாக உதைக்க விதி இடம் தருகிறது. அதைப் பற்றிப் பெரிய ஐயம் இல்லை. உதைக்கும் முன் நடுவருக்கும் வீரர்களுக்கும் இடையே என்ன பேசப்பட்டது, அது இரு தரப்புக்கும் கேட்டதா என்பதில்தான் சண்டை. எங்கள் தலைமை நடுவர் அதை ஆட்டத்துக்கு முன்பே அனைவரின் காதிலும் போட்டுவைத்தது, இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பெரும் பகுதியைப் பெற்றுக்கொண்டது. தொடரில் வேகமாக உதைக்கப்பட்ட ஃப்ரீ கிக் ஒன்று கோலானபோது ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

களத்தில் அவர்களின் இயக்கமும் தரமானது. ஏழு பேர் ஆடும் சிறிய தளத்தில் நடுவர் நடுவிலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அங்கு நின்றால் பந்தும் அவர்மீதே படும். இரு வீரர்கள் மோதும் கோணமும் மறையும். இவர்கள் பக்கவாட்டில் அகன்று, மோதலைக் குறுக்காகப் பார்க்கும் இடத்தைத் தேடி ஓடிக்கொண்டே இருந்தார்கள். அட்வான்டேஜ் தருவதில் காட்டிய பொறுமையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். தவறு நடந்த பிறகும் பந்து பாதிக்கப்பட்ட அணியிடமே இருந்தால் கையை முன்னே நீட்டி ஆட்டத்தை ஓடவிட்டார்கள். எதிர்பார்த்த பயன் சில நொடிகளில் வராவிட்டால் விசிலை ஊதிப் பழைய தவறுக்கே திரும்பினார்கள். வலைக்கு வெளியே நின்ற கூட்டம் இதை ஒவ்வொரு முறையும் தவறாகவே புரிந்துகொண்டது. முதல் நொடியில் “ஃபவுல் ரெஃப், கண்ணு தெரியலையா?” என்று கத்தும், விசில் வந்ததும், “கத்துனதுக்கு அப்புறம்தான் ஊதுறாரு பாரு” என்று தன் வெற்றியாக அதை எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இப்படி ஒரு சேவையை மதிப்பிடுபவர் தம் சக பார்வையாளர்களின் மனநிலையையும் சேர்த்தே மதிப்பிட நேர்கிறது. எங்கள் அலுவலகத்தில் கால்பந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து பிரீமியர் லீக்கைப் பார்ப்பவர்கள். சனிக்கிழமை இரவுகளையும், சாம்பியன்ஸ் லீக் நடக்கும் வார நாள்களின் நள்ளிரவுகளையும் அதற்குக் கொடுத்தவர்கள். அங்கு ஊதும் நடுவர்களின் பெயர்களும், எந்த நடுவர் எந்த அணிக்கு எதிரி என்ற கதைகளும் அவர்களுக்கு மனப்பாடம். அதே நேரத்தில், 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்த கே. சங்கர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதை அவர்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. நடுவர் என்றாலே அவர் நம் ஊர்க்காரராக இருக்க முடியாது என்றும், இருந்தால் தரமானவராக இருக்க முடியாது என்றும் ஒரு முடிவு ஆட்டம் தொடங்கும் முன்பே அவர்கள் மனத்தில் இருந்தது.

லீக் சுற்றின் ஓர் ஆட்டத்தில் இது வெடித்தது. கோல் பகுதிக்குள் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் கையில் பந்து பட்டது. கை உடலோடு ஒட்டியிருந்தது. பந்து மிக அருகிலிருந்து வந்தது. நடுவர் தலையை அசைத்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். “ஹேண்டு, ஹேண்டு” என்று எழுந்த கூச்சலில் பக்கத்துத் தளத்தில் ஆடியவர்கள்கூட நின்று பார்த்தார்கள். இடைவேளையில் சக ஊழியர் ஒருவர், தாம் கைப்பேசியில் எடுத்த காணொளியுடன் நடுவரிடம் சென்றார். நடுவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, “தம்பி, அத நான் பாக்கக் கூடாது. பாத்தாலும் மாத்தக் கூடாது” என்றார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்ட பிறகு முந்தைய தீர்ப்பை மாற்ற நடுவருக்கு அதிகாரம் இல்லை என்பதும், முறையாக அனுமதிக்கப்பட்ட ஏற்பாடு இல்லாத இடத்தில் அவர் காணொளியைப் பார்க்கக் கூடாது என்பதும் விதி. அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

தீர்ப்பும் சரியே. கையில் பந்து பட்டால் எல்லாம் குற்றம் என்று விதி சொல்லவில்லை. வேண்டுமென்றே கையைப் பந்தை நோக்கிக் கொண்டுசெல்வதும், கையை விரித்து உடலின் பரப்பை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கிக்கொள்வதும் குற்றம். தன் கையில் பட்ட பந்து, தற்செயலாகவே பட்டிருந்தாலும், நேரடியாகக் கோலாவது செல்லாது. இந்த விதி 2019லும் 2021லும் திருத்தப்பட்டது. எங்கள் கூட்டமோ பள்ளி மைதானத்தில் கற்ற ‘பட்டால் ஃபவுல்’ என்பதிலேயே நின்றுகொண்டிருந்தது. ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு சொல்கூட நடுவரின் வாயிலிருந்து வரவில்லை. “கை ஒட்டியிருந்தது” என்று கூடியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி அவர் சொல்லியிருந்தால், அந்த மாலையின் பாதிக் கசப்பு குறைந்திருக்கும். இந்தக் குழுவினருக்குக் கண் கூர்மை, கால் வேகம் இரண்டும் உண்டு; பேச்சுதான் இல்லை.

கைப்பேசியைக் காட்டியவர் அடுத்த நாள் உணவு இடைவேளையில் எழுப்பிய கேள்வி நியாயமாகவே தோன்றியது: உலகமே விஏஆர் வைத்துக்கொண்டு ஆடும்போது, நாம் ஏன் ஒரு மனிதரின் கண்ணை மட்டும் நம்ப வேண்டும்? விஏஆர் என்னும் காணொளி உதவி நடுவர் முறை 2018 உலகக் கோப்பையில் பயன்படுத்தப்பட்டது; பிரீமியர் லீக்கில் 2019-20 பருவத்தில் வந்தது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, தவறான வீரருக்கு அட்டை காட்டிவிடுதல் ஆகிய நான்கில் மட்டுமே தலையிடும்படி அது வகுக்கப்பட்டது. திரைக்கு முன் உட்கார்ந்தால் தவறே நடக்காது என்று நம்புகிறவர்கள் 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம், லிவர்பூல் அணிகள் மோதிய ஆட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்குக் களத்தில் ஆஃப்சைடு கொடி உயர்ந்தது. காணொளி அறையில் இருந்தவர் படத்தைச் சரியாகவே பார்த்தார், டியாஸ் ஆஃப்சைடில் இல்லை என்பதையும் சரியாகவே கண்டார். ஆனால் களத்தில் கோல் தரப்பட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டு, சரிபார்ப்பு முடிந்தது என்று மட்டும் சொன்னார். ஆட்டம் ஃப்ரீ கிக்குடன் மறுபடி தொடங்கிவிட்டது. அதன் பிறகு எவராலும் எதையும் மாற்ற முடியவில்லை. பின்னர் அந்த உரையாடலின் ஒலிப்பதிவு வெளியிடப்பட்டபோது, கேட்டவர்கள் திகைத்தது கண்ணின் பிழையால் அல்ல, பேச்சின் பிழையால். இத்தனைக்குப் பிறகும் 2024 ஜூனில் பிரீமியர் லீக்கில் விஏஆரைக் கைவிடலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்த வுல்வ்ஸ் தவிர மற்ற 19 அணிகளும் அதை வைத்துக்கொள்ளவே வாக்களித்தன. திட்டுவதற்கும் வேண்டும், இல்லாமலும் முடியாது என்ற நிலைக்கு ரசிகர்களோடு அணிகளும் வந்து சேர்ந்துவிட்டன.

நடுவரின் பேச்சைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மஞ்சள், சிவப்பு அட்டைகளே பேச்சுத் தடங்கலிலிருந்து பிறந்தவை. 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவின் ரட்டீன் வெளியேற்றப்பட்டபோது, ஜெர்மனிய நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ரட்டீன் நீண்ட நேரம் களத்தை விட்டுப் போக மறுத்தார். அந்தக் குழப்பத்தை எண்ணிப்பார்த்த ஆங்கில நடுவர் கென் ஆஸ்டன், போக்குவரத்து விளக்கைக் கண்டு அட்டை முறையை யோசித்தார்; 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அது நடைமுறைக்கு வந்தது. 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவரே ஒலிவாங்கியில் விஏஆர் முடிவை அரங்கத்துக்கு அறிவித்தது அதே வழியில் அடுத்த அடி. எங்கள் நடுவர்களுக்கு ஒலிவாங்கி தேவையில்லை. வலைக்கு வெளியே நிற்பவர் இரண்டு கை தூரத்தில்தான் இருக்கிறார்.

அந்த நெருக்கம் வேறு வகையிலும் முக்கியமானது. பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் தடகள ஓடுதளம் களத்தைச் சுற்றி ஓடுவதால், இருக்கையிலிருந்து எழும் வசவு நடுவரை எட்டும்போது பொதுவான இரைச்சலாகிவிடுகிறது. டர்ஃபில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். இரைச்சல் நடுவரை அசைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றே உண்டு. நெவில், பால்மர், வில்லியம்ஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு, லிவர்பூல் அணியின் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த ஓர் ஆட்டத்தின் 47 மோதல்கள் காட்டப்பட்டன. கூட்டத்தின் ஒலியோடு பார்த்தவர்கள், ஒலியில்லாமல் பார்த்தவர்களைவிட உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 விழுக்காடு குறைவான தவறுகளையே கண்டார்கள். எங்கள் தொடரில் உள்ளூர் அணி என்று ஒன்று இல்லை என்றாலும், விற்பனைப் பிரிவு அணிக்கு ஆதரவாகக் குடும்பங்களும் பிள்ளைகளும் மேளமும் வந்திருந்தன. அந்த அணியின் ஆட்டங்களில் நடுவரின் விசில் தயங்கியதாக எதிரணிகள் குற்றம் சாட்டின. நான் கவனித்தவரை தலைமை நடுவரிடம் அந்தத் தயக்கம் இல்லை. இளையவர் ஒருவரிடம் இருந்தது. அவரிடம் தயக்கம் வந்தது மேளத்தாலா, அல்லது “ரெஃப்ரி காசு வாங்கிட்டாரு” என்ற கூச்சலாலா என்று பிரித்துச் சொல்ல இயலாது. பணம் கொடுத்து நடுவரை வாங்கும் அளவுக்கு மதிப்புள்ள பரிசு எதுவும் அந்தத் தொடரில் இல்லை என்பதையும், நடுவருக்கான கட்டணத்தை எல்லா அணிகளும் சமமாகப் பகிர்ந்தே கொடுத்தன என்பதையும் கத்தியவர்கள் அறிந்தே கத்தினார்கள்.

குழுவில் ஒரு பெண் நடுவரும் வந்தார். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார். 2022 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிகா, ஜெர்மனி ஆட்டத்தை ஸ்டெஃபனி ஃப்ராப்பார் நடத்தினார். இவ்வளவு நடந்த பிறகும் எங்கள் கூட்டம், களத்தில் ஒரு பெண் விசிலுடன் நிற்பதைக் கண்டதும் குரலின் தன்மையை மாற்றிக்கொண்டது. வசவு நின்றது, ‘மேடம்’ என்ற மரியாதை வந்தது, ஆனால் ஒவ்வொரு தீர்ப்புக்கும் “மேடம், கன்ஃபார்மா?” என்ற கேள்வி பின்தொடர்ந்தது. ஆண் நடுவரைத் திட்டுகிறார்கள், பெண் நடுவரைத் தேர்வு எழுத வைக்கிறார்கள். அவர் கேள்விகளுக்கு அசையவில்லை. வந்த அனைவரிலும் சைகைகள் மிகத் தெளிவாக இருந்தவை அவருடையவையே, தீர்ப்புக்கான காரணத்தை ஓரிரு சொற்களில் அணித்தலைவருக்குச் சொன்ன ஒரே நடுவரும் அவரே. அடுத்த தொடருக்கு அவரைப் பெயர் சொல்லிக் கேட்கும்படி பரிந்துரைக்கிறேன்.

வாக்குவாதம் செய்பவர்களைச் சமாளிக்கக் குழு முன்வைத்த ஒரு யோசனையும் பாராட்டத்தக்கது. எதிர்த்துப் பேசுவதற்காக மஞ்சள் அட்டை பெறுபவர் சற்று நேரம் களத்துக்கு வெளியே உட்கார வேண்டும் என்ற தற்காலிக வெளியேற்ற முறையை அடிமட்ட ஆட்டங்களில் பயன்படுத்த விதி அனுமதிக்கிறது. இங்கிலாந்தின் அடிமட்டக் கால்பந்தில் 2019-20 பருவம் முதல் அது உள்ளது. மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 விழுக்காடு என்பது அளவு. நாற்பது நிமிட ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். எங்கள் துறைத் தலைவர் ஒருவர் அந்த ஐந்து நிமிடத்தைத் தண்ணீர்க் கேன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கழித்த பிறகு, தொடரின் மொத்தச் சத்தமே பாதியாகிவிட்டது.

இனி இறுதி ஆட்டம். குழுவின் தரம் சரிந்த இடம் இது. பதினொருவர் ஆட்டத்துக்கு ஆஃப்சைடு உண்டு. எனவே துணை நடுவரின் கண்தான் பாதி ஆட்டம். இரு துணை நடுவர்களில் ஒருவர் அண்மையில் பயிற்சிக்குச் சேர்ந்த இளைஞர் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டாம் பாதியில் தடுப்பு வரிசையைத் தாண்டி ஒரு பந்து சென்றது. ஆஃப்சைடு நிலையில் நின்ற முன்கள வீரர் இரண்டு எட்டு வைத்துவிட்டு, கைகளை விலக்கிக்கொண்டு நின்றுவிட்டார். பின்னாலிருந்து முறையாக ஓடிவந்த நடுக்கள வீரர் பந்தை எடுத்து வலைக்குள் தள்ளினார். ஆஃப்சைடு நிலையில் நிற்பது மட்டுமே குற்றம் ஆகாது. பந்தைத் தொடவோ எதிராளியின் ஆட்டத்துக்கு இடையூறு செய்யவோ வேண்டும். அதனால்தான் துணை நடுவர்களுக்குக் கொடியைத் தாமதித்து உயர்த்தும்படி கற்பிக்கிறார்கள். இந்த இளைஞரோ பந்து புறப்பட்ட கணத்திலேயே கொடியை உயர்த்திவிட்டார். நடுவரும் அந்தக் கொடியை நம்பி விசிலை ஊதிவிட்டார். விசில் ஊதிய பிறகு விழுந்த கோலைத் திருப்பித் தர விதியில் இடமில்லை. தவறை உணர்ந்தால் பந்தைக் கீழே விட்டு ஆட்டத்தைத் தொடங்குவதே மிச்சமிருக்கும் வழி. அதையும் அவர் செய்யவில்லை. துணை நடுவரிடம் ஓடிச்சென்று ஒரு சொல் கேட்கவும் இல்லை. ஃப்ரீ கிக்கை எதிரணிக்குக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோற்ற அணி கோப்பை வழங்கும் நிகழ்வுக்கு நிற்கவில்லை. துணை நடுவரான அந்த இளைஞர் தம் பையைத் தூக்கிக்கொண்டு வாயில்வரை போகும் வரைக்கும் வசவு அவரைத் துரத்தியது. அப்படிப்பட்ட மாலைகளுக்குப் பிறகு எத்தனை இளைஞர்கள் கொடியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் என்று குழுவின் ஒருங்கிணைப்பாளரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் நேரடியாகப் பதில் சொல்லாமல், “சீனியருங்க எல்லாம் அன்னிக்கு லீக் மேட்ச்சுக்குப் போயிட்டாங்க சார்” என்று மட்டும் சொன்னார். பயிற்சியில் இருப்பவர்களை அனுப்புவதில் எனக்கு எதிர்ப்பில்லை. அவர்கள் எங்காவது கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இறுதி ஆட்டத்துக்கு முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அந்த ஆட்டத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்புவதற்கு எதிர்ப்பு உண்டு.

சிறு குறைகள் சில. நடுவர்கள் கருப்புச் சட்டையில் மட்டுமே வந்தார்கள். எங்கள் அணிகளில் ஒன்றின் ஜெர்சியும் கருப்பு என்பதால், அந்த ஆட்டம் முழுவதும் நடுவருக்குப் பந்தைத் தள்ளிவிடும் வேடிக்கை நடந்தது. டர்ஃப் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கப்படுவதால், வீணான நேரத்தைச் சேர்த்துத் தருவதில் நடுவருக்கு நடுவர் வேறுபாடு இருந்தது. இதை அவர்களே முதல் கூட்டத்தில் முடிவு செய்திருக்க வேண்டும்.

கட்டணம் நியாயமானது. நடுவரும் மேசை உதவியாளரும் சேர்ந்த ஓர் ஆட்டத்துக்கான தொகை, அதே டர்ஃபை மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் எடுப்பதற்கான வாடகையைவிடக் குறைவு. இறுதி ஆட்டத்தின் மூவர் குழுவுக்கு அதைவிட அதிகம். வாட்ஸ்அப்பில் பதிவு, ஒரு பகுதி முன்பணம், மீதி ஆட்டம் முடிந்ததும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டம் நின்றுபோனால் முன்பணத்தை அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள், திருப்பித் தருவதில்லை. பயணச் செலவு தனி என்பதைத் தென்சென்னைக்காரர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் பெரும்பாலோர் வடசென்னையிலிருந்து இரு சக்கர வாகனத்தில் வருகிறார்கள்.

ஏழு பேர் ஆடும் தொடருக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பதினொருவர் ஆட்டத்துக்கு என்றால், துணை நடுவர்கள் யார், எத்தனை ஆண்டு அனுபவம் என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். அணிகளின் ஜெர்சி நிறத்தை முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். தீர்ப்புக்கான காரணத்தை ஒரு சொல்லிலாவது உரக்கச் சொல்லும்படி தலைமை நடுவரிடம் வேண்டிக்கொள்ளுங்கள். நாங்கள் அடுத்த தொடருக்கு அப்படியே கேட்டிருக்கிறோம், ஒருங்கிணைப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கொடி பிடித்த அந்த இளைஞரையும் லீக் சுற்றில் மேசைக்கு அனுப்பும்படி சொல்லியிருக்கிறோம்.